அழாதேன்னு பைபிள் சொல்லவே இல்லையே!

(எபிசோடில் பேசியதன் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். படிக்க வசதியாக சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

 

இன்னைக்கு எபிசோட் வழக்கத்தை விட கொஞ்சம் கனமா இருக்கும். ஆபீஸ் போற பஸ்ல, மெட்ரோவுல கேட்டுக்கிட்டு இருந்தீங்கன்னா, வேணும்னா சாயங்காலம் வீட்டுக்குப் போய் கேளுங்க. ஒண்ணும் அவசரம் இல்ல.

போன மாசம் ஒரு மெயில் வந்தது. எழுதினவங்க பேரை நான் சொல்லப்போறது இல்ல. நாலு வருஷ காதல். ரெண்டு வீட்டிலயும் பேசி முடிச்சு, தேதி குறிக்கிற நேரத்துல அவர் விலகிப் போயிட்டார். அவங்க கேட்டது இதுதான்: "ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போறேன். எல்லாரும் கைதட்டிப் பாடுறாங்க. எனக்கு வாயே திறக்க மாட்டேங்குது. எனக்கு விசுவாசம் போயிடுச்சா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லணும்னா என் கதையை முதல்ல சொல்லணும்.

வாக்குத்தத்த அட்டை

கிறிஸ்தவக் குடும்பங்கள்ல வளர்ந்தவங்களுக்கு இது தெரியும். டிசம்பர் 31 ராத்திரி சர்ச்சுல ஆராதனை நடக்கும். பன்னிரண்டு மணி தாண்டினதும் ஆளாளுக்கு ஒரு வாக்குத்தத்த அட்டை எடுப்போம். அதுல ஒரு வசனம் இருக்கும். அந்த வருஷம் முழுக்க அதுதான் நமக்கு. பர்ஸ்ல வச்சுக்குவோம், பீரோ கதவுல ஒட்டுவோம்.

2022 பிறந்தப்போ எங்க அப்பா எடுத்த அட்டையில இருந்தது 91ஆம் சங்கீதத்தின் கடைசி வசனம். நீண்ட ஆயுசைப் பத்திப் பேசுற வசனம். அப்பா சிரிச்சுக்கிட்டே அம்மாகிட்ட காட்டினார். ஜூலை மாசம் மாரடைப்புல போயிட்டார். வயசு 58.

நான் சென்னையிலிருந்து ராத்திரி பஸ் ஏறி விடியக்காலை வீட்டுக்குள்ள நுழையும்போது கூட்டம் கூடியிருந்தது. எல்லாரும் அன்பாத்தான் பேசினாங்க. ஆனா சொன்னது எல்லாம் ஒரே மாதிரி. "கர்த்தருடைய சித்தம் தம்பி." "நல்ல இடத்துக்குப் போயிட்டார், அழக்கூடாது." ஆச்சி மட்டும் நெஞ்சுல அடிச்சு ஒப்பாரி வச்சாங்க. உடனே ஒருத்தர் வந்து, "விசுவாசிங்க இப்படி அழக்கூடாதும்மா"ன்னு நிறுத்திட்டார்.

எனக்கு அன்னைக்கு ஒண்ணு தோணுச்சு. ஆறுதல்னா இதுதானா? அழுகையை மூடி வைக்கிறதா?

அப்புறம்தான் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். எனக்கு இறையியல் படிப்பு எல்லாம் கிடையாது, நான் கோட் எழுதுற ஆள். அதனால ஒரு லாக் ஃபைலைப் படிக்கிற மாதிரி வரி வரியா படிச்சேன்.

பவுல் என்ன சொன்னார்?

"அழக்கூடாது"ன்னு சொல்றவங்க வழக்கமா கைகாட்டுறது 1 தெசலோனிக்கேயர் 4:13. அங்க பவுல் சொல்றது என்னன்னா, நம்பிக்கை இல்லாதவங்க துக்கப்படுற மாதிரி நீங்க துக்கப்படாதீங்கன்னுதான். துக்கமே படாதீங்கன்னு அவர் சொல்லல. மாதிரி வேறன்னு சொல்றார். இந்த ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கு. ஒரு வார்த்தையை விட்டுட்டுப் படிச்சா அர்த்தமே தலைகீழாயிடும்.

அப்போ விசுவாசத்தோட துக்கப்படுறது எப்படி இருக்கும்? அதுக்கு பைபிள்லயே ஒரு பெரிய பகுதி இருக்கு. சங்கீதம்.

மொத்தம் 150 சங்கீதங்கள். நாம சங்கீதம்னாலே துதிப்பாட்டுன்னு நினைக்கிறோம். ஆனா ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு புலம்பல். எண்ணுற முறையைப் பொறுத்து கணக்கு கொஞ்சம் மாறும், ஆனா துதியை விடப் புலம்பல் குறைச்சல் இல்ல. இது போதாதுன்னு 'புலம்பல்'னே ஒரு தனிப் புத்தகம் வேற இருக்கு. கி.மு. 586 வாக்குல பாபிலோன் படை எருசலேமை இடிச்சுப் போட்டதுக்கு அழுத அழுகை, அஞ்சு அதிகாரம். நாம காலண்டர்ல பாக்குற, காலைதோறும் கிருபை புதுசா இருக்குன்னு சொல்ற வசனம் எங்க இருக்கு தெரியுமா? அந்த அழுகைக்கு நட்டநடுவுல, மூணாம் அதிகாரத்துல. முன்னாடியும் கண்ணீர், பின்னாடியும் கண்ணீர். நாம அந்த ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்து ஃபிரேம் போட்டுட்டோம்.

புலம்பலுக்கு ஒரு கட்டமைப்பு

13ஆம் சங்கீதத்தை எடுத்துக்கோங்க. மொத்தமே ஆறு வசனம்தான். முதல் ரெண்டு வசனத்துக்குள்ள "எத்தனை நாளைக்கு?"ங்கிற கேள்வி நாலு தடவை வருது. என்னை மறந்துட்டீங்களா, முகத்தைத் திருப்பிக்கிட்டீங்களான்னு நேரா கடவுள்கிட்ட கேக்குறார். அடுத்த ரெண்டு வசனத்துல என்னைப் பாருங்க, பதில் சொல்லுங்கன்னு கோரிக்கை. கடைசி ரெண்டு வசனத்துல உங்களை நம்பியிருக்கேன்னு சொல்லி முடிக்கிறார்.

கூப்பிடுறது, குறையைச் சொல்றது, கேக்குறது, நம்புறது. பெரும்பாலான புலம்பல் சங்கீதங்கள் இந்த வழியிலதான் போகுது.

ஐடி ஆளுங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். ஒரு சிஸ்டம் வேலை செய்யலன்னா ரெண்டு விஷயம் பண்ணலாம். பக்கத்து சீட்டுல இருக்கவர்கிட்ட திட்டித் தீர்க்கலாம். இல்லன்னா டிக்கெட் போடலாம். அந்தப் பக்கம் யாரோ ஒருத்தர் இருக்காங்க, இதைப் படிப்பாங்கன்னு நம்புறவன்தான் டிக்கெட் போடுவான். யாருமே இல்லன்னு முடிவு பண்ணினவன் புகார் எழுத மாட்டான். கடவுள்கிட்ட "ஏன்?"னு கத்துறவனுக்கு விசுவாசம் போயிடலங்க. விசுவாசம் இருக்கிறதாலதான் அவன் இன்னும் பேசிக்கிட்டே இருக்கான்.

இதை நான் புத்தகத்துல படிக்கிறதுக்கு முன்னாடியே எங்க அம்மா செஞ்சுட்டாங்க. நம்ம ஊர் ஜெபத்துக்குன்னு ஒரு தமிழ் இருக்குல்ல? "நீர்", "உம்முடைய", "ஸ்தோத்திரிக்கிறோம்"னு. அம்மா வாழ்க்கை முழுக்க அப்படித்தான் ஜெபம் பண்ணினாங்க. அப்பா போன ரெண்டு வாரம் கழிச்சு ஒரு காலையில அடுப்படியில அவங்க குரல் கேட்டுச்சு. போன்ல பேசுறாங்கன்னு நினைச்சேன். இல்ல. "நீங்கதானே அந்த அட்டையைக் கொடுத்தீங்க? இப்போ நான் என்ன பண்ணட்டும்?"னு கேட்டுக்கிட்டு இருந்தாங்க. ஜெபத்துல அம்மா அப்படிப் பேசி நான் கேட்டதே இல்ல. வீட்டு மனுஷன்கிட்ட பேசுற மாதிரி இருந்துச்சு.

நம்பிக்கையில முடியாத பாட்டும் இருக்கு

சரி, கடைசியில நம்பிக்கை வந்தாகணுமே, எனக்கு வரலையேன்னு கேக்கலாம். 88ஆம் சங்கீதத்தைப் பாருங்க. அதுல அந்தத் திருப்பமே இல்ல. ஆரம்பத்துல கடவுளைக் கூப்பிடுறதோட சரி. எபிரேய மூலத்துல அதோட கடைசி வார்த்தை "இருள்". அவ்வளவுதான், பாட்டு முடிஞ்சுபோச்சு. அதைத் தொகுத்தவங்க நினைச்சிருந்தா தூக்கியிருக்கலாம், இல்ல கடைசியில நல்லதா ரெண்டு வரி சேர்த்திருக்கலாம். ரெண்டுமே செய்யல. வெளிச்சம் வராத நாளோட ஜெபத்தையும் ஜெபம்னே ஏத்துக்கிட்டாங்க.

மெயில் எழுதின தோழிக்கு நான் சொல்ல நினைக்கிறது 55ஆம் சங்கீதம். பகைவன் செஞ்சிருந்தா தாங்கியிருப்பேன், கூடவே நடந்த நீயா இப்படின்னு குமுறுற பாட்டு. அங்க பேசுறது காதல் இல்ல, நட்பு. ஆனா அந்த வலி உங்களுக்குப் பழக்கமானதாத்தான் இருக்கும். 56ஆம் சங்கீதத்துல இன்னொரு அழகான விஷயம் இருக்கு. என் கண்ணீரைத் துருத்தியில சேர்த்து வைங்கன்னு கடவுள்கிட்ட கேக்குறார். துருத்தின்னா தோல் பை. வறண்ட ஊர்ல தண்ணி மாதிரி அருமையானதைத்தான் அதுல ஊத்தி வைப்பாங்க. அப்படின்னா, நீங்க ராத்திரி தலகாணியில விட்ட கண்ணீர் வீணாப் போகல, ஒருத்தர் அதைக் கணக்குல வச்சிருக்கார்னுதான் அந்தப் பாட்டு நம்புது.

விளக்கம் தெரிஞ்சவருக்கே

நார்னியா கதைகள் எழுதின சி.எஸ். லூயிஸைத் தெரியும்ல? 1940ல 'தி ப்ராப்ளம் ஆஃப் பெயின்'னு ஒரு புத்தகம் எழுதினார். கடவுள் ஏன் வலியை அனுமதிக்கிறார்னு தெளிவா, ஒண்ணு ஒண்ணா வாதம் பண்ற புத்தகம். பதினாறு வருஷம் கழிச்சு ஜாய் டேவிட்மேனைக் கல்யாணம் பண்ணினார். 1960 ஜூலைல அவங்க புற்றுநோய்ல இறந்துட்டாங்க.

அப்போ அவர் நோட்டுப் புத்தகங்கள்ல கிறுக்கி வச்சதுதான் 1961ல 'எ கிரீஃப் அப்சர்வ்ட்'டா வந்தது. தன் பேரைக்கூடப் போடல, என்.டபிள்யூ. கிளெர்க்னு புனைபெயர்ல வந்தது. அந்தப் புத்தகத்துல பழைய வாதம் எதுவும் அவருக்குக் கைகொடுக்கல. கடவுளைத் தேடிப் போனா கதவைச் சாத்தி உள்பக்கம் தாழ்ப்பாள் போடுற சத்தம் கேக்குதுன்னு எழுதுறார். போகப் போக அந்தக் கதவு அவருக்குப் பூட்டின மாதிரி தெரியல. பதிலும் வரல. ஆனா அந்த மௌனம் இரக்கத்தோட ஒருத்தர் பாக்குற மௌனமா மாறுது.

உலகமே மதிச்ச ஒரு கிறிஸ்தவ அறிஞருக்கே விளக்கம் போதல. அப்போ நமக்கு யாராவது "எல்லாம் நன்மைக்கே"ன்னு சொல்லி அது உள்ள இறங்கலன்னா, குறை நம்மகிட்ட இல்ல.

ஒரே வாக்கியம், ரெண்டு பதில்

எனக்கு ரொம்ப உதவின பகுதி யோவான் 11. லாசரு இறந்துட்டார். இயேசு வந்து சேரும்போது கல்லறையில வச்சு நாலு நாள் ஆச்சு. அக்கா தங்கச்சி ரெண்டு பேர், மார்த்தாள், மரியாள். நீங்க இங்க இருந்திருந்தா என் தம்பி செத்திருக்க மாட்டான்னு மார்த்தாள் சொல்றாங்க. கொஞ்ச நேரத்துல மரியாளும் வந்து அதையேதான் சொல்றாங்க. லேட்டா வந்தீங்கங்கிற குற்றச்சாட்டுதான் அது.

ரெண்டு பேரையும் அவர் கோவிச்சுக்கல. மார்த்தாகிட்ட உயிர்த்தெழுதலைப் பத்திப் பேசுறார். மரியாள் அழுறதைப் பாத்ததும் கலங்கிப் போறார், கல்லறை எங்கன்னு கேக்குறார், அழுறார். இத்தனைக்கும் இன்னும் கொஞ்ச நேரத்துல லாசருவை எழுப்பப் போறோம்னு அவருக்குத் தெரியும். முடிவு தெரிஞ்சவரே அழுதிருக்கார்!

கிறிஸ்தவ ஆறுதல்னு நான் இப்போ புரிஞ்சுக்கிட்டது இந்த ரெண்டும் சேர்ந்ததுதான். இறந்தவங்க மறுபடி எழுவாங்கங்கிற நம்பிக்கை ஒண்ணு. அதுவரைக்கும் நம்ம கூட உக்காந்து அழுற கடவுள் இன்னொண்ணு. அன்னைக்கு எங்க வீட்டுல முதலாவதை மட்டும் சொன்னாங்க. ஆச்சிக்குத் தேவைப்பட்டது ரெண்டாவது.

சரி, என்ன செய்யலாம்?

நீங்க துக்கத்துல இருந்தா, ஒரு நோட்டுல உங்க சொந்தப் புலம்பலை எழுதிப் பாருங்க. கூப்பிடுங்க, என்ன வலிக்குதுன்னு மறைக்காம சொல்லுங்க, என்ன வேணும்னு கேளுங்க. நம்புறேன்னு எழுத வரலன்னா அந்த இடத்தைக் காலியா விடுங்க. 88ஆம் சங்கீதம் உங்க பக்கம் இருக்கு. சர்ச்சுல பாட முடியலன்னா உக்காந்திருங்க. மத்தவங்க உங்களுக்காகவும் சேர்த்துப் பாடட்டும்.

துக்கத்துல இருக்கிறவங்களைப் பாக்கப் போறீங்களா? யோபுவோட நண்பர்களை நினைச்சுக்கோங்க. ஏழு நாள், ஏழு ராத்திரி தரையில கூடவே பேசாம உக்காந்திருந்தாங்க. அவங்க செஞ்சதுல சிறந்தது அதுதான். வாயைத் திறந்து விளக்கம் கொடுக்க ஆரம்பிச்சதும்தான் எல்லாம் கெட்டது. கடைசி அதிகாரத்துல கடவுள் கோவிச்சுக்கிறது புலம்பின யோபுகிட்ட இல்ல, அந்த விளக்கக்காரங்ககிட்ட.

இன்னொண்ணு முக்கியம். தூக்கம் இல்லாம, சாப்பாடு இறங்காம, வாழவே வேண்டாம்னு தோணுச்சுன்னா ஜெபத்தோட நிறுத்திடாதீங்க. டாக்டரைப் பாருங்க. டெலி மானஸ் அரசு உதவி எண் 14416. இலவசம், தமிழ்லயே பேசலாம். டாக்டர்கிட்ட போறது விசுவாசக் குறைவு இல்ல.

அந்த அட்டையைப் பத்திச் சொல்லிட்டு முடிச்சிடறேன். அப்பாவோட பர்ஸ் இப்போ என்கிட்ட இருக்கு, அட்டையும் அதுலயேதான் இருக்கு. அந்த வசனத்துக்கும் 58 வயசுக்கும் என்ன கணக்குன்னு எனக்கு இன்னும் புரியல. புரிஞ்ச மாதிரி நடிக்கவும் விருப்பம் இல்ல. போன டிசம்பர் 31 ராத்திரி சர்ச்சுல இருந்து வந்ததும் அதோட பின்பக்கத்துல பேனாவால எழுதினேன்: "இது எனக்குப் புரியல ஆண்டவரே. ஆனா உங்ககிட்டதான் கேக்குறேன்." எழுதிட்டு ரொம்ப நேரம் அழுதேன். ரொம்ப நாளைக்கப்புறம் அன்னைக்குத்தான் நல்லாத் தூங்கினேன்.

தோழி, உங்களுக்கு விசுவாசம் போகல. நீங்க இன்னும் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கீங்க?

அடுத்த எபிசோட்ல பாப்போம் மக்களே. பாத்துப் போயிட்டு வாங்க.