நேற்றிரவு குடித்தது, இன்று காலை வண்டி ஓட்டுகையில்



அதிகாலையில் விபத்துப் பிரிவுக்குக் கொண்டுவரப்படும் ஓட்டுநர்களில் சிலர் எங்களிடம் சொல்வது இது: "ஐயா, நேத்து ராத்திரிதான் குடிச்சேன். வண்டி எடுக்கும்போது தொடவே இல்லை." அவர்கள் பொய் சொல்வதில்லை. ஆனாலும் அவர்கள் மூச்சில் மது வாடை வீசுகிறது. இது எப்படி என்று பலர் எங்களிடம் கேட்பதால், இங்கே விளக்க விரும்புகிறோம்.

நம் ஊர்க் கடைகளில் விற்கும் பிராந்தி, விஸ்கி வகைகளில் ஆல்கஹால் 42.8 சதவீதம். 'குவார்ட்டர்' எனப்படும் 180 மில்லி பாட்டிலில் ஏறக்குறைய 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் இரவு 10 மணிக்குள் அதைக் குடித்தால், அவருடைய 100 மில்லி இரத்தத்தில் சுமார் 150 மில்லிகிராம் சேரக்கூடும். கல்லீரல் அதை மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதமே குறைக்கும். அதிகாலை 4 மணிக்கு அவர் வண்டியைக் கிளப்பும்போது இன்னும் 60 மில்லிகிராம் மீதி இருக்கும். மோட்டார் வாகனச் சட்டம் (1988) வைத்துள்ள வரம்போ 30 மில்லிகிராம்தான். டீயும் மோரும் தலைக்குக் குளிப்பதும் தெளிந்துவிட்டதுபோல் காட்டும். ஆனால் கல்லீரலின் வேலையைத் துரிதப்படுத்தா.

கைகால் தள்ளாடுவதற்கு வெகு முன்பே மது கவனத்தைக் குறைத்து, துணிச்சலைக் கூட்டிவிடுகிறது. வளைவில் முந்தத் தோன்றும். எதிரே வருகிற வண்டி தூரத்தில் இருப்பதாகத் தோன்றும். 60 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி தாமதித்தால் வண்டி 17 மீட்டர் ஓடிவிடும். தூக்கக் குறைவும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் பெரிது.

இவர்கள் ஏன் குடிக்கிறார்கள்? உடம்பு வலி, வீட்டைப் பிரிந்த தனிமை, கிடைத்த நேரத்தில் தூங்கியாக வேண்டிய கட்டாயம். நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை என்று சட்டம் சொன்னாலும், லோடு சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டுமே! முதல் குற்றத்துக்கு 10,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை என்று 2019இல் சட்டம் கடுமையாக்கப்பட்டது. பயம் ஓரளவு தடுக்கும். ஆனால் குடிக்கு அடிமையானவருக்கு மருத்துவ உதவியும் வேண்டும். தினமும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, மனக் குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே அப்படிப்பட்டவர்களை முதலில் மருத்துவரிடம் அழைத்து வாருங்கள்.

கடைசியாக, நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. கல்யாணத்துக்கும் கன்வென்ஷனுக்கும் நாம் வேன் பிடிக்கிறோம். நமக்கு அறையும் கட்டிலும் இருக்கிறது; ஓட்டுநர் சீட்டிலேயே சுருண்டு படுக்கிறார். சிலர் அன்பின் பேரில் அவர் கையில் 'குவார்ட்டருக்கு' என்று காசும் கொடுக்கிறார்கள். அந்தக் காசுக்குப் பதிலாக நேரத்துக்குச் சாப்பாடும், படுக்க ஒரு பாயும், ஏழு மணி நேரத் தூக்கமும் கொடுங்கள். காலை 4 மணிக்குத்தான் புறப்பட வேண்டுமா என்று ஒருமுறை யோசியுங்கள். அந்த வண்டியில் ஏறி உட்காரப்போவது நம்முடைய பிள்ளைகளே.