தீர்த்தமாடிய பிறகும் ஒரு நாள்

திண்டுக்கல்லில் இருந்து ராமேஸ்வரம் போகும் குடும்பங்களுக்கு ஏறக்குறைய ஒரே பயணத் திட்டம்தான். ராத்திரி வேன் ஏறுவது, விடியும்போது அக்னி தீர்த்தத்தில் முழுக்கு, கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள், தரிசனம், மதியச் சாப்பாடு முடிந்ததும் ஊர் திரும்புவது. மலைக்கோட்டையையும் சிறுமலையையும் பார்த்தே வளரும் பிள்ளைகளுக்குக் கடலும் மணலும் எவ்வளவு பெரிய விருந்து! கோயிலோடு திரும்பிவிட்டால் அந்த விருந்தில் பாதி கைநழுவிப் போகிறது.

பாம்பனிலேயே வேடிக்கை தொடங்கிவிடும். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலம் நூறாண்டுக்கு மேல் உழைத்தது. அதன் அருகிலேயே எழுந்த புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. கப்பல் கடக்க வேண்டுமென்றால் 72.5 மீட்டர் நீளமுள்ள அதன் ஒரு பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும்பும். இந்தியாவில் கடல்மேல் இப்படிக் கட்டிய முதல் பாலம் இது.

பாலம் தாண்டியதும் தெற்கே குந்துகால். மேலைநாடுகளில் உரையாற்றிவிட்டுத் திரும்பிய விவேகானந்தர் 1897 ஜனவரியில் கரையிறங்கிய இடம். அங்கே அவருக்கு நினைவு இல்லம் இருக்கிறது. எதிரே தெரியும் குருசடைத் தீவு, மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் ஒன்று. அந்தக் கடலுக்கடியில் பவளப்பாறைகள், கடற்புல், கடற்பசுக்கள் என்று தனி உலகமே வாழ்கிறது.

ராமேஸ்வரம் தீவின் உயரமான இடம் கந்தமாதன பர்வதம். நம் ஊர் மலைக்கோட்டையோடு ஒப்பிட்டால் அது மணல்மேடு அளவுதான். ஆனாலும் மேலே நின்றால் சுற்றிலும் நீலம்.

அங்கிருந்து தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயல் அந்த ஊரையும், வந்துகொண்டிருந்த ரயிலையும் விழுங்கியது. அதற்கு முன்புவரை தலைமன்னாருக்கு இங்கிருந்துதான் கப்பல் போனது. இடிந்த தேவாலயச் சுவர்களும் ரயில் நிலையத்தின் மிச்சமும் இன்றும் நிற்கின்றன. பிள்ளைகளை அங்கே நிறுத்தி அந்தக் கதையைச் சொல்ல வேண்டும். 2017-இல் சாலை திறந்த பிறகு அரிச்சல்முனை வரை காரிலேயே போய்விடலாம்.

சாலையின் ஒரு பக்கம் அமைதியான ‘பெண் கடல்’, மறுபக்கம் ஆர்ப்பரிக்கும் ‘ஆண் கடல்’ என்பார்கள் ஊர்க்காரர்கள். பருவக்காற்று மாறும்போது அலையும் பக்கம் மாறும். ஒரு கரை கொந்தளித்தால் மறு கரை அடங்கியிருப்பதால்தான் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு நீர்ச்சறுக்கு விளையாடுகிறவர்கள் இந்தத் தீவைத் தேடி வருகிறார்கள். துடுப்புப் படகு பழக நினைப்பவர்கள் பாலத்துக்கு முன்பே, உச்சிப்புளி பக்கமுள்ள பிரப்பன்வலசைக்குப் போகலாம். குளிர்காலத்தில் தனுஷ்கோடியின் ஆழமற்ற நீர்ப்பரப்பில் பூநாரைகள் கூட்டமாக இறங்கும். 2025 ஜூனில் அந்தப் பகுதியைத் தமிழக அரசு பூநாரை சரணாலயமாக அறிவித்தது.

போகிறவர்களுக்கு மூன்று வேண்டுகோள். அரிச்சல்முனையில் நீரோட்டம் வலுவானது. அங்கே கடலில் இறங்க வேண்டாம். பவளத்தை யார் விற்றாலும் வாங்க வேண்டாம். அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பிளாஸ்டிக் பாட்டில்களைக் கரையில் போடாமல் வேனிலேயே திருப்பிக் கொண்டுவாருங்கள். அடுத்த முறை ராமேஸ்வரத்துக்கு வேன் பேசும்போதே, இரண்டு நாளுக்குச் சேர்த்துப் பேசிவிடுங்கள்.