எத்தனை லிட்டர் கறக்கும்?

கிரான்பர்னில் நாங்கள் வீடு வாங்கியபோது தெருமுனைக்கு அப்பால் மேய்ச்சல் நிலம் இருந்தது. இன்று அங்கும் வீடுகள். ஆனாலும் தெற்கு கிப்ஸ்லாந்து நெடுஞ்சாலையில் காரை விட்டால் சிறிது நேரத்தில் பசும்புல்லும் கறுப்பு வெள்ளை மாடுகளும் வந்துவிடும். ஊரிலிருந்து வந்திருந்த பெரியப்பாவை ஒருநாள் அப்படி அழைத்துப் போனேன். அவர் காங்கேயத்துக்காரர். வேலியோரம் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, "எத்தனை லிட்டர் கறக்குங் கண்ணு?" என்றார். நாளுக்கு இருபதுக்கு மேல் என்றேன். "நம்ம மாடு ரெண்டு மூணுதான். அப்பறம் அதை எதுக்கு வச்சிருக்கோணும்?"

மென்பொருள் எழுதிப் பிழைக்கும் எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்தபோதுதான், தமிழ்நாட்டின் கால்நடைப் பல்கலைக்கழகமே விடைகாண வேண்டிய கேள்வியை அவர் கேட்டிருக்கிறார் என்பது புரிந்தது.

சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல் வேப்பேரியில், டாபின் ஹால் என்ற கட்டடத்தில் தொடங்கியது. அன்றைய தேவை எளிமையானது: மாடு சாகாமல் இருக்க வேண்டும். வெக்கை நோய் வந்தால் ஊர்த் தொழுவங்களே காலியாகிவிடும், உழவும் நின்றுபோகும். 1932-ல் இராணிப்பேட்டையில் தடுப்பு மருந்து நிலையம் வந்தது. பல பத்தாண்டுகள் ஊர் ஊராக ஊசி போட்டதன் பலனாக இந்தியா 2006-ல் அந்நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. 2011-ல் உலகமே விடுபட்டது. பெரியம்மைக்குப் பிறகு மனிதன் அடியோடு ஒழித்த நோய் இது ஒன்றுதான். பெரிய அளவில் கொண்டாடப்படாத சாதனை.

1989-ல் இக்கல்லூரியும் 1985-ல் தொடங்கிய நாமக்கல் கல்லூரியும் சேர்ந்து தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாயிற்று. இத்துறைக்கென இந்தியாவில் அமைந்த முதல் பல்கலைக்கழகம் அது. கற்பித்தல், ஆய்வு, விரிவாக்கம் என அதன் பணி மூன்று. விரிவாக்கம் என்பது ஆய்வுக்கூடத்தில் கண்டதைத் தொழுவம்வரை கொண்டு சேர்ப்பது. நந்தனம் கோழி, நாமக்கல் காடை ஆகியவை அங்கு உருவானவை. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 12 கோடி கோழியினங்கள் இருந்தன. இந்திய மாநிலங்களில் அதுவே முதலிடம்.

மாட்டுக்கு வருவோம். பால் பெருக வேண்டும் என்ற கொள்கையால் சமவெளியில் ஜெர்சியும் மலைப்பகுதியில் பிரீசியனும் செயற்கைக் கருவூட்டல் மூலம் நாட்டு மாடுகளோடு கலக்கப்பட்டன. பால் பெருகியது உண்மை. இரண்டு கலப்பின மாடுகளை வைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்த பெண்கள் நம் ஊர்களில் ஏராளம். அதே காலத்தில் கவலை இறைத்த காளைகளின் வேலையை மோட்டாரும், ஏர் இழுத்தவற்றின் வேலையை டிராக்டரும் எடுத்துக்கொண்டன. காங்கேயம், பர்கூர், ஆலம்பாடி, புலிக்குளம், உம்பளச்சேரி எல்லாமே முதன்மையாக உழைப்பு மாடுகள். உழைப்புக்கு வேலை போனபின் பாலைக்கொண்டு அளந்தால் அவை தோற்கத்தான் செய்யும். மீத்தேன் கணக்கும் அவற்றுக்குச் சாதகமில்லை: ஒரு லிட்டர் பாலுக்கு எவ்வளவு வாயு என்று பார்த்தால், குறைவாகக் கறக்கும் மாட்டின் பங்கே அதிகம்.

அப்படியானால் பெரியப்பா சொன்னது சரியா? இங்குள்ள ஒரு கதையைச் சொல்ல வேண்டும். வட ஆஸ்திரேலியாவின் வெயிலையும் உண்ணியையும் தாங்காமல் ஐரோப்பிய மாடுகள் மடிந்தன. 1933-ல் அமெரிக்காவிலிருந்து பிராமன் மாடுகளைத் தருவித்தார்கள். அவற்றின் மூதாதைகள் இந்திய மாடுகள். அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் இனமும் அவற்றுள் ஒன்று. இன்று அந்த வடபகுதி முழுவதும் திமில் வைத்த மாடுகள். பின்னர் சாகிவால், சிவப்புச் சிந்தி இனங்களை ஜெர்சியோடு கலந்து வெப்பம் தாங்கும் கறவை இனமொன்றையும் உருவாக்கினார்கள். நாம் பாலுக்காக ஜெர்சியை வரவழைத்தோம். இவர்கள் வெயிலுக்காக நம் மாட்டை வரவழைத்தார்கள். பூமி சூடேறிக்கொண்டிருக்கும் காலத்தில் யாருடைய தேவை நீளும் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம்.

ஒரு நிரல் அழிந்தால் காப்பு நகலிலிருந்து மீட்கலாம். ஓர் இனம் அழிந்தால் மீட்க முடியாது. உறைவிந்தை மைனஸ் 196 பாகையில் வைக்கலாம். ஆனால் மேய்ப்பவரும் காடும் இல்லாமல் பர்கூர் மாடு வெறும் குப்பிதான். பல்கலைக்கழகம் இப்போது பர்கூர், காங்கேயம், ஆலம்பாடி, புலிக்குளம் இனங்களுக்குத் தனித்தனி ஆய்வு நிலையங்கள் வைத்திருக்கிறது. கலப்பினக் கொள்கையில் பங்குபெற்ற துறையே நாட்டினத்தைக் காக்க முன்வருவதை நான் முரணாகப் பார்க்கவில்லை, திருத்தமாகவே பார்க்கிறேன்.

ஆனால் காப்பது மட்டும் போதாது, அளக்கவும் வேண்டும். இங்கே வாரகல் அருகிலுள்ள எலின்பாங்க் அரசுப் பண்ணையில் மாட்டின் ஏப்பத்தையே அளக்கிறார்கள். மீத்தேனில் பெரும்பகுதி வெளியேறுவது ஏப்பம் வழியாகத்தான். ஒயின் ஆலையின் திராட்சைச் சக்கையைத் தீனியில் சேர்த்து அதைக் குறைத்தும் காட்டினார்கள். நம் மாடுகளையும் அப்படி அளக்க வேண்டும்: 40 பாகை வெயிலில் எவ்வளவு தின்கிறது, வறண்ட புல்லில் எத்தனை கன்று ஈனுகிறது, மருந்துக்கு என்ன செலவு. பாலோடு இவற்றையும் எழுதினால்தான் கணக்கு முழுமையாகும்.

இன்னொரு திசையும் உண்டு. சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு மூன்றையும் அரைத்து மடிநோய்க்குப் பூசும் மருத்துவத்தைப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி இப்பல்கலைக்கழகத்தில் முறைப்படுத்தினார். தேசிய பால்வள வாரியம் அதைப் பல மாநிலங்களுக்கும் கொண்டுசென்றது. நுண்ணுயிர்க்கொல்லி குறைந்தால் பாலில் அதன் எச்சமும், மருந்துக்கு மசியாத கிருமிகள் மனிதரை அடையும் அபாயமும் குறையும். பாட்டிகளின் அறிவை ஆய்வுக்கூடம் சோதித்து மீண்டும் பாட்டிகளுக்கே தரும்போது, விரிவாக்கம் என்ற சொல்லுக்கு முழுப்பொருள் கிடைக்கிறது.

பெரியப்பா ஊர் திரும்பியபின் தொலைபேசியில் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அதெல்லாஞ் செரி கண்ணு. தீவனம் விக்கிற வெலைக்கு அதை வச்சுப் பாக்கறவன் என்ன பண்ணுவான்? அவனுக்கு யாரு கணக்குப் பாப்பாங்க?" என்றார்.

வேப்பேரியில் அடுத்த நூறாண்டுக்குத் திட்டமிடுகிறவர்கள் முதலில் எழுதிக்கொள்ள வேண்டிய கேள்வி அதுவென்றே எனக்குத் தோன்றுகிறது.