அரைச் சம்பளக்காரரும் நானும்

ஒவ்வொரு வருடமும் என் பென்சனுக்காக, நான் உயிரோடிருக்கிறேன் என்று கையொப்பம் வைத்து இலங்கைக்கு அனுப்ப வேண்டும். அரசாங்கக் கந்தோரில் 29 வருடம் கிளாக்கராக இருந்தவனுக்கு அது பெரிய வேலை இல்லை. ஆனாலும் படிவம் மேசையில் கிடக்கும். "இஞ்சருங்கோ, இன்னும் சைன் வைக்கேல்லையோ?" என்று மனைவி நாளுக்கு நாலு தரம் கேட்பா.

இந்த முறை படிவத்தைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, ஸ்கார்பரோவிலிருந்து ரயிலேறி, ரொறன்ரோ டவுன்டவுனில் விக்டோரியா மெமோரியல் சதுக்கத்தில் போய் உட்கார்ந்தேன். 1794இல் யோர்க் கோட்டைப் படையினரைப் புதைக்கத் தொடங்கிய இடம் அது. இப்போது பிள்ளைகள் பந்தடிக்கும் புல்வெளி. நடுவில் வால்டர் ஆல்வர்ட் வடித்த கிழட்டுச் சிப்பாய். பென்சன்காரனுக்குப் பென்சன்காரன்தான் துணை!

அவனைப் பார்க்க அந்தக் காலப் படைக்காரரின் காசுக் கதை ஞாபகம் வந்தது. 1815இல் நெப்போலியன் போர் முடிந்ததும் பிரித்தானியா படையைக் குறைத்தது. மிஞ்சிய அதிகாரிகள் அரைச் சம்பளத்தில் வீட்டுக்குப் போனார்கள். அது பென்சன் அல்ல, திரும்பக் கூப்பிட்டால் வரவேண்டும் என்று போட்டுவைத்த காசு. அதை எடுக்க நீதவான் முன்னால் சத்தியக் கடதாசி முடிக்க வேண்டும்: முடியின் கீழ் சம்பளம் வரும் வேறு உத்தியோகம், படையிலோ சிவில் பக்கத்திலோ, எனக்கு இல்லை என்று. நான் உயிரோடிருப்பதாகச் சொல்லிக் காசு வாங்குகிறேன், அவர்கள் வேலை இல்லையென்று சத்தியம் பண்ணி வாங்கினார்கள். கனடாவில் காணியும் கிடைக்கும், கவர்னரைப் பிடித்தால் உத்தியோகமும் கிடைக்கும் என்று கப்பலேறியவர்களுக்கு இந்தச் சத்தியம் ஒரு முள். பிறகு சில விலக்குகள் வந்தன.

அப்போது படைப் பதவியைக் காசுக்கு வாங்கலாம், விற்கலாம். 1871இல்தான் அந்த வழக்கம் ஒழிந்தது. ஜோன் மூடி என்ற லெப்டினன்ட், 1814இல் பெர்கன் ஓப் சூம் தாக்குதலில் காயப்பட்டவர், 1832இல் மனைவி சுசன்னாவோடு இங்கே வந்தார். பதவியை விற்றார். அந்தக் காசை நீராவிக் கப்பல் பங்குகளில் போட்டார். போனது போனதுதான். 1839இல் பெல்வில்லில் ஷெரிஃப் உத்தியோகம் கிடைத்தது, அதுவும் மாதச் சம்பளமல்ல, கட்டணங்களில் வருகிற வருமானம். சுசன்னா 1852இல் வெளியிட்ட புத்தகத்தில் காட்டு வாழ்க்கையின் கஷ்டம் முழுக்க இருக்கிறது.

சாதாரண சிப்பாய்களின் கதை இன்னும் மோசம். 1830களின் தொடக்கத்தில் லண்டன் அரசாங்கம், ஆயுள் பென்சனை விட்டுவிடுங்கள், நாலு வருடப் பென்சனை மொத்தமாகத் தருகிறோம், கனடாவில் காணியும் உண்டு என்றது. ஆயிரக்கணக்கில் கைநாட்டு வைத்தார்கள். கோடரி பிடித்தே அறியாத வயதான, ஊனமான ஆட்கள். பலருக்குக் காசு காட்டைக் காண முன்னமே கரைந்துவிட்டது. ரொறன்ரோத் தெருக்களில் பிச்சை எடுத்தார்கள். அந்தத் திட்டத்தை நான் கொள்ளை என்றே சொல்லுவேன்.

இன்றைக்குக் கனடாவில் அந்தச் சத்தியக் கடதாசி வேறு உருவத்தில் இருக்கிறது. வயோதிப உதவிப்பணத்துக்கு வயது 65, பதினெட்டுக்குப் பின் 10 வருடம் இங்கே வசித்திருக்க வேண்டும். முழுத்தொகைக்கு 40 வருடம். ஊர்ப் பென்சன் சாதாரணமாக அதைக் குறைக்காது. ஆனால் குறைந்த வருமானக்காரருக்கு மேலதிகமாகத் தரும் ஜிஐஎஸ் தொகையைக் குறைக்கும், ஏனெனில் வெளிநாட்டுப் பென்சனும் வருமானமே. ரூபாயில் வந்தாலும், கொழும்பு வங்கியிலேயே கிடந்தாலும், வரிக் கணக்கில் காட்ட வேண்டும். "அது ஊர்க் காசுதானே" என்று விட்டவர்கள் பிறகு திருப்பிக் கட்டியதை என் கட்டடத்திலேயே கண்டிருக்கிறேன்.

அடுத்த முறை வரி செய்யப் போகும்போது ஊர்ப் பென்சன் கடிதத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.