சைக்கிள் நிற்கும் விதம்

ஓடுகின்ற சைக்கிளை நிறுத்துவதாவது, அதன் ஓட்டத்தில் அடங்கிய சக்தியை உராய்வினால் உஷ்ணமாக்கிக் காற்றிலே கரைத்துவிடுவதே ஆகும்; வேகம் இருமடங்கானால் அச்சக்தி நான்மடங்காகிவிடுமாதலால், பிரேக்கின் பொறுப்பு நாம் சாதாரணமாக எண்ணுவதைவிட மிகப் பெரியது.

பால்காரரும் தபால்காரரும் தலைமுறை தலைமுறையாக ஓட்டிவந்த உயரமான கறுப்புச் சைக்கிளின் கம்பி பிரேக்கைச் சற்று உற்றுப் பார்த்தால், அதிலுள்ள யுக்தி விளங்கும். கைப்பிடிக்குக் கீழுள்ள நெம்புகோலை விரல்களால் மேலே இழுத்ததும், அதனோடு பிணைந்த எஃகுக் கம்பி மேலெழும்ப, அதன் அடியில் குதிரைச் சேணத்தின் அங்கவடிபோல் வளைந்து நிற்கும் சட்டம் உயர்ந்து, இரண்டு ரப்பர் கட்டைகளை ரிம்மின் உட்புறத்தில், ஸ்போக்ஸ் கம்பிகள் முளைத்திருக்கும் பக்கத்தில், அழுத்துகிறது. எந்தக் கிராமத்துச் சைக்கிள் கடையிலும் ஒரு ஸ்பானரைக்கொண்டு சீர்செய்துவிடலாம் என்பது இதன் பெருமை. மழையில் நனைந்த பளபளப்பான எஃகு ரிம்மில் ரப்பர் வழுக்கிக்கொண்டே போவது இதன் பெருங்குறை.

எர்னஸ்ட் பௌடன் 1896-இல் காப்புரிமை பெற்ற கேபிள், முறுக்குக் கம்பி ஒன்றை அமுங்காத உறைக்குள் ஓடவிட்டது. ஹேண்டில் பார் எப்படித் திரும்பினாலும் இழுப்பு குறையாமல் போய்ச் சேர்ந்ததால், ரிம்மை இரு பக்கமும் பற்றும் காலிப்பர் பிரேக் எளிதில் பரவிற்று. அலுமினிய ரிம்மோடு சேரும்போது இது மழையிலும் முன்னதைவிட நன்றாகப் பிடிக்கும். ஆனால் மலைப்பாதையின் நீண்ட இறக்கத்தில் விடாமல் அழுத்தினால், ரிம் சூடேறி டியூப் வெடிக்கவும் கூடும்.

உராய்வை ரிம்மைவிட்டுச் சக்கரத்தின் நடுவுக்குக் கொண்டுபோனால் டியூபுக்கும் ஆபத்தில்லை, மழைக்கும் அவ்வளவாக அஞ்சவேண்டியதில்லை. ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரில் 1903-இல் உருவான டார்பிடோ ஹப்பில், பெடலைப் பின்னோக்கி மிதித்தாலே உள்ளிருக்கும் பிரேக் பற்றிக்கொள்ளும். செயின் கழன்றால் மட்டும் பிரேக்கும் போய்விடும். இன்றைய டிஸ்க் பிரேக்கிலோ, பெரும்பாலும் 160 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுத் தட்டை இரு கட்டைகள் கவ்வுகின்றன. அத்தட்டின் ஆரம் ரிம்மின் ஆரத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கே ஆதலால், அங்கே நாலு மடங்கு அழுத்தம் வேண்டியிருக்கிறது. உயர்ந்த ரகங்களில் மூடிய குழாயிலுள்ள திரவம், பாஸ்கல் கண்ட விதிப்படி, விரலின் சிறு விசையை அவ்வளவுக்குப் பெருக்கித் தருகிறது.

எவ்வகையாயினும், முன்சக்கரத்து பிரேக்கே முதன்மையானது. நிறுத்தும் தருணத்தில் பாரமெல்லாம் முன்னே சாய, பின்சக்கரம் இலேசாகிச் சறுக்கத் தொடங்கிவிடும். குப்புற விழுவோமென்று அஞ்சி முன் பிரேக்கைத் தீண்டாமலே ஓட்டுபவர் பலர்; உடலைச் சற்றே பின்னுக்குத் தள்ளி, இரண்டையும் சேர்த்து, முன்னதைப் படிப்படியாக அழுத்தினால், காய்ந்த சாலையில் பின் பிரேக் ஒன்றை மட்டும் நம்பும்போது ஆகும் தூரத்தில் ஏறத்தாழப் பாதியிலேயே நின்றுவிடலாம். மணலும் சேறும் கிடக்கும் இடத்தில் மட்டும் பின் பிரேக்கே உகந்தது.