எதை விட்டோம் என்பதையும் வரைபடம் சொல்லட்டும்

பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டர். 2025-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இந்த அளவைச் சொன்னது. பன்னாட்டு ஈரநிலப் பட்டியலான ராம்சரில் குறித்த எல்லைக்குள்ளும் அதிலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள்ளும், அறிவியல் ஆய்வு முடியும்வரை புதிய கட்டுமானங்களுக்குத் திட்ட அனுமதி தரக் கூடாது என்பது உத்தரவு. தென்சென்னையில் மனை வாங்கியவர், வீடு கட்டக் காத்திருப்பவர், சதுப்பு நிலத்துக்காகப் போராடுபவர் என எல்லோருக்கும் அன்றிலிருந்து ஒரே கேள்விதான்: இந்த இடம் கோட்டுக்கு உள்ளே வருகிறதா, வெளியே நிற்கிறதா?

இதற்கு வரைபடம்தான் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலைத் தயாரிக்கும் வேலை இன்று கணினியில் நடக்கிறது. பெரிய தரவுக் குவியலிலிருந்து தேவையானதை மட்டும் வடித்து, தனி அடுக்காக எடுத்து, இன்னோர் அடுக்கின்மேல் வைத்துப் பார்க்கும் வேலை அது. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் வடிக்கும்போது எழுதும் ஒவ்வொரு நிபந்தனையும் ஒரு முடிவு. எந்த வீடு உள்ளே, எந்தக் குளம் கணக்கிலேயே இல்லை என்பதெல்லாம் அங்கேதான் தீர்மானமாகிறது.

குவியலிலிருந்து ஓர் அடுக்கு

கருவிகளுக்குப் பஞ்சமில்லை. 2002-இல் கேரி ஷெர்மன் தொடங்கிய கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் முற்றிலும் இலவசம். 2004-இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், உலகெங்கும் தன்னார்வலர்கள் வரையும் திறந்த வரைபடம். அதன் தரவை யாரும் இறக்கிக்கொள்ளலாம். எங்கிருந்து எடுத்தோம் என்று குறிப்பிட வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது அந்த வரைபடத்தை அடிப்படையாக வைத்துத்தான், தண்ணீர் தேங்கிய தெருக்களைச் சென்னை மக்கள் இணையத்தில் ஒவ்வொன்றாகக் குறித்தார்கள்.

இறக்கிய தரவைக் கியூஜிஐஎஸ்ஸில் திறந்தால் சாலை, கோயில், பள்ளி, கால்வாய், கட்டடம், குளம் எல்லாம் கலந்து கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் அட்டவணை வரிசை உண்டு. ஏரிக்கு ‘நேச்சுரல்’ என்ற பத்தியில் ‘வாட்டர்’ என்றும், சதுப்பு நிலத்துக்கு அதே பத்தியில் ‘வெட்லேண்ட்’ என்றும் எழுதியிருப்பார்கள். கால்வாயும் ஓடையும் ‘வாட்டர்வே’ என்ற பத்தியில் இருக்கும்.

வடிக்க இரண்டு வழிகள் உண்டு. அடுக்கின்மேல் வலது கிளிக் செய்து ‘ஃபில்டர்’ கொடுத்து நிபந்தனை எழுதினால், பொருந்தாதவை கண்ணிலிருந்து மறையும். கோப்பு அப்படியே இருக்கும். நிபந்தனையை நீக்கினால் எல்லாம் திரும்பி வரும். இரண்டாவது வழி, ‘எக்ஸ்ட்ராக்ட் பை எக்ஸ்பிரஷன்’ போன்ற கருவியால் பொருந்துபவற்றைப் புதிய அடுக்காகப் பிரித்தெடுப்பது. இந்தப் புதிய அடுக்கு மூலத்திலிருந்து அறுபட்டது. நாளை யாராவது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு விடுபட்ட ஓடையைச் சேர்த்தாலும் இதில் வராது. அதனால் எந்தத் தேதித் தரவு என்று பெயரிலேயே எழுதிவைப்பது நல்லது. இடம் குறிப்பிடாமல் பிரித்தெடுத்தால் அது தற்காலிக அடுக்காகவே உருவாகும், மென்பொருளை மூடியதும் போய்விடும் என்பதையும் புதிதாகக் கற்பவர்கள் முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டும்.

சேமிக்க ஜியோபேக்கேஜ் வடிவம் ஏற்றது. பழைய ஷேப்ஃபைல் வடிவத்தில் பத்தித் தலைப்புக்குப் பத்து எழுத்து இடம்தான். குறியாக்கத்தைச் சரியாகக் கொடுக்காவிட்டால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகிவிடும். நாராயணபுரம் ஏரியும் கீழ்க்கட்டளை ஏரியும் தங்கள் பெயரோடு இருந்தால்தான், அந்த ஊர்க்காரர் வரைபடத்தைப் பார்த்துப் பிழை சொல்ல முடியும்.

வெற்றுக் கட்டம் செய்யும் வேலை

ஆண்டு முழுக்கத் தண்ணீர் நிற்கும் ஏரிகளை மட்டும் பிரிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பருவத்துக்குப் பருவம் வற்றும் நீர்நிலைகளைக் குறிக்க ‘இன்டர்மிட்டன்ட்’ என்று ஒரு பத்தி இருக்கிறது. ‘அதில் ஆம் என்று இல்லாதவற்றை எடு’ என்று நிபந்தனை கொடுக்கிறோம். வரும் அடுக்கில் ஏறத்தாழ எதுவுமே இருக்காது.

பெரும்பாலான ஏரிகளுக்கு அந்தக் கட்டத்தை யாரும் நிரப்பவே இல்லை என்பதுதான் காரணம். கணினிக்கு வெற்றுக் கட்டம் ஆமும் இல்லை, இல்லையும் இல்லை. அதை எதனுடன் ஒப்பிட்டாலும் விடை ‘தெரியாது’. தெரியாததை வடிகட்டி உள்ளே விடாது. பிழைச் செய்தி எதுவும் வராமல் ஏரிகள் உதிர்ந்துவிடும். ‘அல்லது கட்டம் வெறுமையாக இருந்தாலும் எடு’ என்று கூடுதலாக ஒரு வரி எழுதினால் அவை திரும்பி வரும். வடித்த ஒவ்வொரு முறையும், நிபந்தனைக்குப் பொருந்தியவற்றையும் அதற்கு நேர் எதிரான நிபந்தனைக்குப் பொருந்தியவற்றையும் கூட்டி மொத்தத்தோடு ஒப்பிடும் வழக்கம் வேண்டும். அந்தக் கணக்கு உதைத்தால், நிபந்தனையில் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று பொருள்.

மீட்டரும் பாகையும்

அடுத்தது ஒரு கிலோமீட்டர் வளையம். எல்லையைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரத்துக்கு வளையம் வரையும் கருவிக்கு ‘பஃபர்’ என்று பெயர். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவு அட்சரேகை, தீர்க்கரேகைப் பாகைகளில் இருக்கும். அதை மாற்றாமல் 1000 என்று கொடுத்தால் அது ஆயிரம் பாகை. பூமியையே சுற்றினாலும் 360 பாகைதான். சிலர் ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் என்று வகுத்துப் பின்னத்தில் கொடுப்பார்கள். சென்னை இருக்கும் அட்சரேகையில் கிழக்கு மேற்காக ஒரு பாகையின் நீளம் அதைவிடச் சற்றுக் குறைவு. வளையம் அந்தத் திசையில் சுருங்கிவிடும். ஒருவருடைய வீடு உள்ளேயா வெளியேயா என்று சொல்லும் கோட்டில் இந்தச் சுருக்கத்தை அனுமதிக்கக் கூடாது.

முறையான வழி, தரவை முதலில் மீட்டர் அளவில் உள்ள ஆயத்தொலை முறைக்கு மாற்றுவது. சென்னைக்கு யூடிஎம் என்ற முறையின் 44 வடக்கு மண்டலம் பொருந்தும். கோயம்புத்தூர்க்காரர்கள் 43-ஐ எடுக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே 78 பாகைத் தீர்க்கரேகை தமிழ்நாட்டின் ஊடாகவே ஓடுகிறது.

வளையம் தயாரானதும், அதற்குள் வரும் கட்டடங்களை ‘எக்ஸ்ட்ராக்ட் பை லொகேஷன்’ மூலம் இன்னோர் அடுக்காகப் பிரிக்கலாம். இங்கேயும் ஒரு முடிவு காத்திருக்கிறது. கோடு ஒரு கட்டடத்தின் நடுவே போனால் அது உள்ளேயா? ‘வெட்டினாலே போதும்’ என்ற நிபந்தனைக்கு உள்ளே. ‘முழுதும் அடங்க வேண்டும்’ என்ற நிபந்தனைக்கு வெளியே. மென்பொருள் இரண்டையும் தரும். எது சரி என்று சட்டம்தான் சொல்ல வேண்டும்.

வளையத்தை எந்த எல்லையிலிருந்து வரைகிறோம் என்பது இதைவிட முக்கியம். 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணையின் பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர். அதன் சட்ட எல்லை சர்வே எண்களோடு அரசிடம் இருக்க வேண்டியது. செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துத் தன்னார்வலர் வரைந்த கோடு, எவ்வளவு கவனமாக வரைந்தாலும், அதற்கு ஈடாகாது. வளையத்துக்குள் கட்டடம் எதுவும் இல்லை என்று திறந்த தரவு காட்டினால், அங்கே யாரும் இன்னும் வரையவில்லை என்பதாகவும் இருக்கலாம். களத்தில் போய்ப் பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது.

கோடையில் காணாமல் போகும் ஏரி

நீர்நிலைகளைச் செயற்கைக்கோள் படத்திலிருந்தும் வடிக்கலாம். தண்ணீர் பச்சை ஒளியை ஓரளவு திருப்பி அனுப்பும்; அண்மை அகச்சிவப்பைப் பெரிதும் விழுங்கிவிடும். இந்த வேறுபாட்டைக் கணக்கிட்டால் தண்ணீர் உள்ள இடம் தனியே தெரியும். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் 10 மீட்டர் நுணுக்கத்தில் இதற்கான படங்களை இலவசமாகத் தருகின்றன.

ஆனால் மே மாதப் படத்தை எடுத்து ‘தண்ணீர் உள்ள இடமே நீர்நிலை’ என்று வடித்தால், நம் ஏரிகளில் பாதி வரைபடத்தில் இருக்காது. நம் ஏரிகள் வடகிழக்குப் பருவமழைக்காக வெட்டப்பட்டவை. ஐப்பசி, கார்த்திகையில் நிறைந்து, பாசனத்துக்குக் கொடுத்து, கோடையில் வற்றுவது அவற்றின் இயல்பு. வற்றிய ஏரி ஏரியாகவே இருக்கிறது. கரையும் மதகும் கலங்கலும் அங்கேயேதான் நிற்கின்றன. பல ஆண்டுகளின் மழைக்காலப் படங்களையும் வருவாய்த்துறையின் கிராம வரைபடத்தில் உள்ள நீர்நிலைப் புறம்போக்கையும் சேர்த்து வைத்துத்தான் ஏரியின் எல்லையைச் சொல்ல வேண்டும்.

வரத்துக் கால்வாயை விட்டுவிட்டு ஏரியை மட்டும் வடிப்பதும் இதே வகைத் தவறு. கீழ்க்கட்டளை, நாராயணபுரம் போன்ற தென்சென்னை ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணைக்கு வருகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும், கோவளம் முகத்துவாரம் வழியாகக் கடலுக்கும் போகிறது. பலகோணங்களை மட்டும் எடுத்து, கோடுகளாக வரைந்த ஓடைகளை விட்டால், ஏரிகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாத நீலத் துண்டுகளாகத் தெரியும். அந்த வரைபடத்தை நம்பித் திட்டம் போடுபவர், தண்ணீர் ஓடும் பாதையில் தயங்காமல் கட்டடம் கட்டுவார்.

நிபந்தனையும் வெளியே வரட்டும்

அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கும் முறை கணினியோடு பிறந்ததில்லை. நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் ஒரு நெடுஞ்சாலைக்குப் பாதை தேடியபோது, நிலத்தோற்ற வடிவமைப்பாளர் இயன் மெக்ஹார்க் நீர், காடு, மண் என ஒவ்வொன்றையும் தனித்தனி ஒளிபுகும் தாளில் தீட்டினார். இழக்கக் கூடாத இடம் கருமையாகத் தெரியும்; சாலை வெளிறிய பகுதி வழியாகப் போக வேண்டும். 1969-இல் வந்த தம் நூலில் அவர் அதைத் தாள் தாளாக விளக்கியிருக்கிறார். அதனால்தான் மற்றவர்கள் அதை ஆராயவும் மறுக்கவும் முடிந்தது.

நம் அரசுத் துறைகளும் ஆலோசனை நிறுவனங்களும் வெளியிடும் வரைபடங்களில் அந்தத் திறப்பு வேண்டும். எந்தத் தரவு, எந்தத் தேதி, எந்த ஆயத்தொலை முறை, என்ன நிபந்தனை, எத்தனை உள்ளே வந்தன, எத்தனை வெளியே போயின: ஆறு வரிகளில் எழுதிவிடலாம். படத்தோடு அடுக்குக் கோப்பையும் கொடுத்துவிட்டால், கல்லூரி மாணவரோ குடியிருப்போர் நலச் சங்கமோ அதே நிபந்தனையை வீட்டுக் கணினியில் ஓட்டிச் சரிபார்க்கலாம்.

ஒரு கிலோமீட்டர் வளையத்தால் ஒருவரின் வாழ்நாள் சேமிப்பு முடங்கலாம். வளையம் தவறினால் ஒரு நகரமே வெள்ளத்தில் நிற்கலாம். இரு தரப்புக்கும் நியாயமாக இருக்க வேண்டிய கோடு, இரு தரப்பும் சோதித்துப் பார்க்கக்கூடிய கோடாக இருக்க வேண்டும். பள்ளிக்கரணைக்கான ஆய்வு வரைபடம் வெளிவரும்போது நாம் முதலில் கேட்க வேண்டியது அதன் நிபந்தனைகளைத்தான்.