கேள்வி கேட்டவரின் நாற்காலி எங்கே?

ஆலையிலே ஒரு தொழிலாளியின் கை இயந்திரத்தில் சிக்கி நசுங்குகிறது. விபத்து எப்படி நடந்தது என்று எழுத வருகிறவர் முதலாளியிடம் சம்பளம் வாங்குகிறவர். அவர் என்ன எழுதுவார்? "தொழிலாளியின் கவனக்குறைவு" என்றுதானே எழுதுவார்! இது நமக்குப் பழகிப்போன கதை. ஆனால், ஆலைக்குள் மட்டும் நடக்கும் கதை அல்ல இது. ஆட்டக்களத்திலும் இதுவே நடக்கிறது என்பதைத் தோழர்கள் அறிய வேண்டும்.

அமெரிக்காவிலே ஈ.எஸ்.பி.என். என்றொரு தொலைக்காட்சி நிறுவனம். 1979ஆம் ஆண்டு பிறந்தது. இரவும் பகலும் விளையாட்டைக் காட்டியே கோடி கோடியாய்க் குவித்தது. அதன் பெரும்பங்கு வால்ட் டிஸ்னி கம்பெனியின் கையில். அந்த நிறுவனம் 2005ஆம் ஆண்டில் ஒரு புதுமை செய்தது. தன் குறைகளைத் தானே எடுத்துச் சொல்லத் தன் செலவிலே ஒருவரை அமர்த்தியது. அந்தப் பதவிக்கு 'ஆம்பட்ஸ்மன்' என்று பெயர். குறைகேட்பாளர் என்று நாம் சொல்லலாம்.

சொல் சுவீடன் நாட்டிலிருந்து வந்தது. அதிகாரிகள்மீது குடிமக்கள் கூறும் குறைகளைக் கேட்க, 1809ஆம் ஆண்டிலேயே அங்கே பாராளுமன்றம் ஒருவரை நியமிக்க வழி செய்தது. பின்னர் பத்திரிகைகளும் இம்முறையைக் கைக்கொண்டன. அமெரிக்காவின் லூயிவில் நகரத்துப் பத்திரிகை 1967இல் இத்தகையவரை அமர்த்தியது. நம் சென்னையின் 'இந்து' நாளேடும் 2006இல் வாசகர்களுக்கென ஓர் ஆசிரியரை நியமித்தது.

ஈ.எஸ்.பி.என். அமர்த்தியவர்கள் சாமானியர்கள் அல்லர். முதலில் வந்த ஜார்ஜ் சாலமன், 'வாஷிங்டன் போஸ்ட்' ஏட்டின் விளையாட்டுப் பகுதியை நடத்தியவர். அடுத்து வந்த லீ ஆன் ஷ்ரைபர், 'நியூயார்க் டைம்ஸ்' ஏட்டில் அதே பொறுப்பை வகித்த பெண்மணி. பெரியவர்கள்தாம், ஆனால் அவர்களுக்கு இருந்த அதிகாரம் என்ன? கேட்கலாம், எழுதலாம். அவ்வளவே! ஒரு நிகழ்ச்சியை நிறுத்த முடியாது. ஓர் அதிகாரியை அசைக்க முடியாது.

அந்த வெறும் பேனாவும் சில வேளைகளில் சுடத்தான் செய்தது. 2010 ஜூலையில், எந்தக் குழுவுக்கு ஆடப் போகிறேன் என்று கூடைப்பந்து வீரர் லெப்ரான் ஜேம்ஸ் அறிவிப்பதற்காகவே ஒரு மணி நேரத்தை ஒதுக்கியது ஈ.எஸ்.பி.என். விளம்பர நேரத்தை விற்றது வீரரின் தரப்பு; கேள்வி கேட்பவரைத் தேர்ந்ததும் வீரரின் தரப்பு. வருவாய் தருமத்துக்குப் போகிறது என்று சொல்லப்பட்டது, போகட்டும்! செய்தியையே ஆளுக்கு விட்டுக்கொடுப்பது தருமமா? அன்றைய குறைகேட்பாளர் டான் ஓல்மேயர் அதை வன்மையாகக் கண்டித்தார்.

அது வேடிக்கை. அடுத்து வந்தது உயிர்ப் பிரச்சினை.

அமெரிக்கக் கால்பந்து என்பது நாம் காலால் உதைத்தாடும் பந்தாட்டம் அல்ல. இரும்புக் கூண்டு போன்ற கவசத்தைத் தலையில் மாட்டிக்கொண்டு, ஆளோடு ஆள் மோதும் ஆட்டம். ஆண்டுக்கணக்கில் மோதிய மூளை என்னவாகும்? மைக் வெப்ஸ்டர் என்ற புகழ்பெற்ற வீரர், புத்தி தடுமாறி, தன் வண்டியிலேயே படுத்துறங்கும் நிலைக்கு வந்து, 2002இல் 50ஆம் வயதில் மாண்டார். அவருடைய மூளையை ஆராய்ந்தவர் பென்னட் ஒமாலு என்ற நைஜீரிய மருத்துவர். அடிபட்டு அடிபட்டு மூளை சிதையும் நோயை அவர் அதிலே கண்டார். 2005இல் ஆய்விதழில் வெளியிட்டார். என்.எஃப்.எல். எனப்படும் கால்பந்துச் சங்கத்தின் மருத்துவர்கள் என்ன செய்தார்கள்? அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்றார்கள்!

வீரன் யார், தோழர்களே? உடலை மூலதனமாக்கி உழைப்பவன். சங்கத்தை ஆள்பவர்கள் குழுக்களின் சொந்தக்காரர்கள். இது தொழில் விபத்தன்றி வேறென்ன?

ஈ.எஸ்.பி.என். செய்தியாளர்களான இரு சகோதரர்கள் இதைத் துருவி ஆராய்ந்து நூல் எழுதினார்கள். பொதுத் தொலைக்காட்சியான பி.பி.எஸ்.ஸின் 'ஃபிரன்ட்லைன்' பிரிவோடு கூடி, ஈ.எஸ்.பி.என். நிறுவனமும் அதைப் படமாக்கும் பணியில் நின்றது. ஆனால் 2013 ஆகஸ்டில், படம் வெளிவரும் முன்னே, தன் பெயரை விலக்கிக்கொண்டது. தயாரிப்பு தன் கட்டுப்பாட்டில் இல்லை என்பது அது சொன்ன காரணம். சங்கத்தின் நெருக்குதல்தான் காரணம் என்று 'நியூயார்க் டைம்ஸ்' எழுதியது. இரு தரப்பும் மறுத்தன. மறுக்க முடியாத உண்மை ஒன்று உண்டு: அச்சங்கத்தின் ஆட்டங்களைக் காட்ட, ஆண்டொன்றுக்குச் சுமார் 190 கோடி டாலர் தர 2011இல் கையெழுத்திட்டிருந்தது அதே ஈ.எஸ்.பி.என்.!

அப்போது குறைகேட்பாளராய் இருந்தவர் ராபர்ட் லிப்சைட், பழுத்த பத்திரிகையாளர். அவர் மழுப்பவில்லை. நிறுவனத் தலைவரையே கேட்டார். கேட்டதை வாசகர் முன் வைத்தார். படம் நிற்கவில்லை, அக்டோபர் 8ஆம் நாள் பி.பி.எஸ்.ஸில் வெளிவந்தது. வழக்குத் தொடுத்த முன்னாள் வீரர்கள் 4,500 பேருக்கு மேல்! அவர்களோடு 76.5 கோடி டாலர் உடன்பாட்டுக்குச் சங்கம் இறங்கி வந்ததும் அதே ஆகஸ்டில்தான்.

இப்படிக் கேள்வி கேட்ட பதவி என்னவாயிற்று? 2018இல் ஜிம் பிரேடியின் காலம் முடிந்தது; அத்தோடு பதவியையே முடித்துவிட்டார்கள். மக்கள் கருத்து உடனுக்குடன் வந்து குவிகிறதாம்; இனித் தனி ஆள் தேவையில்லையாம்! ஊரார் சத்தமிடுவதும், உள்ளே சென்று தலைவரை நிறுத்திப் பதில் வாங்குவதும் ஒன்றா? வாசலில் எழும் கூச்சலுக்குக் கதவைச் சாத்திக்கொள்ளலாம். உள்ளே அமர்ந்து கேட்பவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

அதன் பிறகு என்ன நடந்தது? ஈ.எஸ்.பி.என்.னில் 10 சதவிகிதப் பங்கை அதே என்.எஃப்.எல். பெறும் ஒப்பந்தம் 2025 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. செய்தி சொல்ல வேண்டிய வீட்டில், செய்திக்கு உரியவனே பங்காளி!

அமெரிக்கக் கதை நமக்கெதற்கு என்று கேட்கலாம். 2023 முதல் 2027 வரையிலான ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை 2022இல் 48,390 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டது. அவ்வளவு பணத்தைக் கொட்டியவர்கள், ஆட்டத்தை நடத்தும் வாரியத்தின் குறைகளைத் தம் திரையிலே அலசுவார்களா? 2016இல் வர்ணனையாளர் ஹர்ஷா போக்ளே ஐ.பி.எல். வர்ணனையிலிருந்து திடீரென நீக்கப்பட்டார். காரணம் பகிரங்கமாகச் சொல்லப்படவில்லை. வாரியம் தனக்கென ஒரு குறைகேட்பாளரை 2015இல் நியமித்தது உண்மை. அவர் வாரியத்தின் நடத்தையைப் பார்ப்பவர். திரையிலே நமக்குச் சொல்லப்படுவதையும் மறைக்கப்படுவதையும் கேட்பவர் யார்?

நாம் கோருவது இதுதான். விளையாட்டைக் காட்டும் ஒவ்வொரு நிறுவனத்திலும் குறைகேட்பாளர் வேண்டும். குறித்த காலம் முடியும்வரை அவரை நீக்க முடியாதிருக்க வேண்டும். அவர் எழுதியதை ஓர் எழுத்தும் குறைக்காமல் வெளியிட வேண்டும். ஆட்டத்தை நடத்துபவரோடு செய்துகொண்ட பணப் பேரத்தைப் பார்ப்பவர் அறியச் சொல்ல வேண்டும்.

சலுகையாய்த் தந்த நாற்காலியைத் தந்தவனே எடுத்துவிட்டான். உரிமையாய்ப் பெற்ற நாற்காலியை எவனும் எடுக்க முடியாது. மாதந்தோறும் கேபிளுக்குக் கட்டும் பணம் நம் வியர்வை. அந்த வியர்வைக்குக் கணக்குக் கேட்போம்!